கூடாகாத புழுக்கள்

அஃப்ஸானாவுக்கு ஈக்களோடுதான் பிழைப்பு. தேங்காய்ப்பட்டணத்திலிருந்து தினமும் பஸ் ஏறி, நாகர்கோவிலில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் பழ ஈ வளர்க்கிறாள். ஈயின் புழுவுக்குள் ஒரு சின்னச் சுரப்பி உண்டு. அது ஹார்மோன் சுரந்தால்தான் புழு தின்பதை நிறுத்திக் கூட்டுப்புழுவாகும். அந்தச் சுரப்பியை எந்த ஜீன் இயக்குகிறது என்பதே ஆராய்ச்சி. குப்பிக்கு ஒரு ஜீனாகச் சுரப்பியில் வேலை செய்யாமல் அடக்கி வைத்து, எந்தக் குப்பியில் புழு கூடாகாமல் நிற்கிறதென்று பார்க்க வேண்டும். மூன்று வருஷமாகப் பார்க்கிறாள். எல்லாப் புழுவும் ஒழுங்கு மரியாதையாகக் கூடாகித் தொலைத்தது. இந்த வருஷமும் ஒன்றும் கிடைக்காவிட்டால் தலைப்பை மாற்றிவிடலாம் என்று வழிகாட்டி ஜெபகுமாரி டீச்சர் சொல்லிவிட்டார். அப்படியானால் பட்ட பாடெல்லாம் வீண்.

அவள் வாப்பா மீன் வியாபாரி. சேர்ந்த புதிதில், கூட ஆராய்ச்சி செய்கிற பெனிஷ், "ஒனக்க பேக்குக்க பின்னாலயே மீன்சந்த ஈ எல்லாம் வருது, கேட்டியா?" என்று சிரித்தான். விளையாட்டுப் பேச்சுதான். அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அதனால், ஒரு குப்பியில் புழுக்கள் கூடாகாமல் கொழுகொழுவென்று கிடந்தபோது, மீன்சந்தையின் பெரிய ஈ தன்னோடு வந்து முட்டையிட்டுவிட்டது என்று பதறி, ஒருவருக்கும் தெரியாமல் கழுவிக் கொட்டினாள். அதே ஜீனை அடக்கி மறுபடி வளர்த்தாள். மறுபடியும் கொழுப்பு, மறுபடியும் கொட்டல். நுண்ணோக்கி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. வெட்கப்படுகிறவளுக்கு அதெல்லாம் எங்கே கண்ணில் படும்!

மூன்றாம் முறை பஞ்சடைப்பின் மேல் துணியும் இறுக்கிக் கட்டினாள். ஓர் ஈ நுழைய வழியில்லை. அப்போதும் புழுக்கள் பருத்தன. அழுகையோடு குப்பியை டீச்சரிடம் கொண்டுபோனாள்.

"டீச்சர், எனக்க வீட்டு மீன் ஈயாக்கும்னு நெனச்சு ரெண்டு தடவ இத களஞ்சேன்."

டீச்சர் ஒரு புழுவை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். "ஏட்டி, இது நம்ம பழ ஈக்க புழுவாக்கும்! ஹார்மோன் இல்லாம தின்னு தின்னு வீங்கியிருக்கு. இப்பவே துள்ளாத. பாதிப் புழுவுக்குத் தீனியில ஹார்மோன் கலந்து குடு. அதுவ கூடாச்சுன்னா, கொறை சுரப்பியிலதான்; நீ தேடுன ஜீனும் இதுதான்."

கலந்து கொடுத்துவிட்டுக் காத்திருந்தாள். வெறும் தீனி தின்ற புழுக்கள் அப்படியே நெளிந்துகொண்டிருந்தன. ஹார்மோன் தின்றவை குப்பிச் சுவரில் ஏறி ஒட்டிக்கொண்டு, பழுப்பேறிக் கூடாகிவிட்டன.

"இனி தலைப்ப மாத்தணுமா மக்கா?" என்றார் டீச்சர்.

அஃப்ஸானா ஆனந்தத்தில் அழுதாள். மூன்று வருஷமாக ஆய்வகத்துக்குத் தயிர்ச்சோறு தவிர வேறெதுவும் கொண்டுபோகாதவள், அங்கேயே நின்று வீட்டுக்குப் போன் போட்டாள்.

"வாப்பா, நாளைக்கு நல்ல நெய்மீனா எடுத்து வையுங்க. இங்க எல்லாருக்கும் பொரிச்சுக் கொண்டு வரணும்."