அண்ணாந்து பார்க்க வேண்டிய கொடி

எங்க வீட்டுக்காரர் ஜம்புலிங்கம் வாழ்க்கையில ஒரு தப்பும் பண்ணினதில்ல. நம்பலேன்னா அவரையே கேட்டுப் பாருங்க. எங்க தீவுல வண்டூர் ரோட்டு வேலையில மேஸ்திரி. கல்லு எங்க கொட்டணும், மழை எப்ப வரும், கப்பல் எப்ப வரும், எல்லாத்துக்கும் அவர் சொல்றதுதான் சட்டம். கப்பல் அவர் சொன்ன நாள்ல வராது. அப்பவும் தப்பு கப்பல் மேலதான்.

எழுபத்திரண்டாம் வருஷம் மாசியில மெட்ராஸ் கப்பல் ரிப்பேராகி வரவேயில்ல. ரேஷன்ல அரிசி கிடையாது. எங்களுக்குப் பிள்ளைகுட்டி இல்ல, எப்படியோ சமாளிச்சிருவோம். பக்கத்து வீட்டு ஜெயமணி புருஷன் மரம் வெட்ட ஹட் பே பக்கம் போயிட்டான். அவ மூணு பிள்ளைங்களோட வெறும் பானையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா. அதுங்க அழறதைக் கேட்டு இவர் கடப்பாரையைத் தூக்கினார். மனசு தங்கம்தான், யாரு இல்லேன்னா? தலைக்குள்ளதான் கல்லு.

காட்டு வள்ளிக்கிழங்குல ரெண்டு ஜாதி. ஒண்ணு நல்லது, ஒண்ணு விஷம். இலை இருக்கையிலயே ரெண்டும் வெத்தலைக்கொடியாட்டம் ஒண்ணுபோல இருக்கும். மாசியில அந்த இலையும் கொட்டிப்போய், மரத்தைச் சுத்தின காஞ்ச கொடிதான் மிச்சம். அது எந்தப் பக்கமா சுத்தி ஏறியிருக்குன்னு பாத்துத்தான் தோண்டணும். இவர்கிட்ட வேலை செய்யற ராஞ்சிக்காரர் சோமா, மரத்தடியில நின்னு அண்ணாந்து பாத்து, தலைக்கு மேல விரலால ஒரு வட்டம் போட்டு, "ஐசா கூம்தா தோ அச்சா"ன்னு, இப்படிச் சுத்தினா நல்லதுன்னு இந்தியில சொல்லிக் காட்டியிருக்கார்.

அதை அப்படியே வச்சுக்கலாமில்ல? மாட்டார். "வலமா சுத்துது மரகதம்! நாம பிள்ளையாரைச் சுத்தற மாதிரி. நல்லது எப்பவும் வலமாத்தான் போகும்"னுட்டார். ஒவ்வொரு மரத்தையும் கும்பிடாத குறையா வலம் வந்து, கொடியும் கூடவே வருதான்னு பாத்து, ஒரு கூடை தோண்டிட்டு வந்துட்டார். சோமாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்கன்னேன். "எனக்குத் தெரியாததா?"ன்னார். இதைக் கேட்டுக் கேட்டே எனக்கு முடி நரைச்சுது.

பாதிக் கூடை ஜெயமணிக்குப் போச்சு. காட்டுக் கிழங்குக்கு எங்ககிட்ட ஒரு கட்டுப்பாடு உண்டு. தோண்டினவங்க முதல்ல தின்னணும், ஒண்ணும் ஆகலேன்னு தெரிஞ்ச பிறகுதான் மத்தவங்க வாயில வைக்கணும். இவர் வேக வச்சதை அள்ளித் தின்னார். நான் நாக்கு நுனியில வச்சுட்டுத் துப்பினேன்.

"கசக்குதுங்க!"

"பாகற்காய் கசக்கல? அதைத் தின்னு எவன் செத்தான்?"

சொல்லிட்டு வேலிப்பக்கம் திரும்பி, "ஜெயமணி, நல்லா இருக்கு, பிள்ளைங்களுக்குப் போடு!"ன்னு கத்தவும் கத்திட்டார்.

கொஞ்ச நேரத்துல அவருக்குக் கண்ணு சொருகிருச்சு. குடலே வெளிய வர்ற மாதிரி வாந்தி. நான் தலையைத் தாங்கிப் பிடிச்சேன். அப்புறம் ஜெயமணி பிள்ளைங்க ஞாபகம் வந்துச்சு. புருஷனைத் தரையில போட்டுட்டு வேலியைத் தாண்டி ஓடினேன். பிள்ளைங்க தட்டு முன்னாடி உக்காந்திருக்கு, சின்னவன் கையில ஒரு துண்டு. தட்டி விட்டேன். பானையையும் கவுத்தேன்.

"அடிப்பாவி அக்கா! நேத்திலேர்ந்து பட்டினிக்கா!"ன்னு ஜெயமணி என் முடியைப் பிடிச்சுட்டா. அவளைக் குத்தம் சொல்ல முடியுமா?

கம்பவுண்டர் வந்து பாத்துட்டு உயிருக்குப் பயமில்லைன்னார். சோமா வந்து தலையில அடிச்சுக்கிட்டு, அதே வட்டத்தை மறுபடி போட்டுக் காட்டினார். நானும் அண்ணாந்து பாத்துப் போட்டேன். சுத்தறதை நிறுத்தாம கையை இடுப்புக்கு இறக்கிக் குனிஞ்சு பாத்தேன். அதே விரல், அதே சுத்து, இப்ப எதிர்ப்பக்கமா போகுது! நீங்களும் செஞ்சு பாருங்க. கீழேயிருந்து அண்ணாந்து பாத்தா வலமாப் போற கொடி, மரத்தைச் சுத்தி நடந்தா இடமாப் போகும். இந்த மனுஷன் பிள்ளையாரை நம்பி விஷத்தை மட்டும் பொறுக்கிக் கொண்டாந்திருக்கார்.

மறுநாள் எந்திரிச்சு நிக்க முடியல, கடப்பாரையை எடுக்கறார்.

"இன்னுமா புத்தி வரல?"ன்னு கத்தினேன்.

"பிள்ளைங்க பட்டினி கிடக்கு. நீயும் வா. நீ பாத்துச் சொல்லு."

கல்யாணமான நாள்லேர்ந்து அவர் என்கிட்ட அப்படிக் கேட்டதில்ல. மரத்தடியில நின்னு கழுத்து வலிக்க அண்ணாந்து பாத்து, சோமா காட்டின மாதிரி விரலைச் சுத்தி, "இது"ன்னேன். அங்கயே தோண்டினார்.

ஜெயமணி அடுப்புலயே வேக வச்சோம். அவ மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு நின்னா. பிள்ளைங்க பானையை விட்டுக் கண்ணை எடுக்கல. கொடியைப் பாத்தது நான், அதனால நான்தான் முதல்ல தின்னணும்னு கை நீட்டினேன். இவர் தட்டை இழுத்துக்கிட்டார்.

"தோண்டினது நான்."

நேத்து வாந்தியெடுத்த தொண்டை இன்னும் புண்ணு. நான் தட்டோட ஓரத்தைப் பிடிச்சேன். "என்னங்க, சோமா வேலையிலேர்ந்து வரட்டும், ஒரு தடவை காட்டிட்டு..."

"நீ பாத்தேல்ல?"ன்னு சொல்லி வாயில போட்டுக்கிட்டார்.

கசக்கலேன்னார். ஆனா இந்தத் தடவை யாரையும் போடச் சொல்லல. வாசல் நிழல் முருங்கை மரம் தாண்டிப் போற வரைக்கும் வயித்துல கை வச்சு உக்காந்திருந்தார். அப்புறம்தான் சின்னவன் தட்டுல அவரே எடுத்து வச்சார். நான் முந்தானையால மூஞ்சியைப் பொத்திக்கிட்டு அழுதேன்.