வெங்காய நாற்றுக்கு ஒரு கிராப்பு

அந்த வெங்காய விதைப் பொட்டலத்தை வாங்கிவந்தது தையலக்காதான். பிற்பாடு நடந்த ரகளைக்கெல்லாம் அதுதான் ஆரம்பம் என்பதை அவளே ஒப்புக்கொள்வாள்.

தெரு முழுக்க அவளைத் தையலக்கா என்றுதான் கூப்பிடும். புதிதாக உடை தைப்பதில்லை. இடுப்பைப் பிடிப்பது, பேண்ட்டின் நீளத்தைக் குறைப்பது, ஜிப் மாற்றுவது என்று யாரோ தைத்ததைச் சரிசெய்வதுதான் தொழில். முன்னறையில் ஜன்னலோரம் தையல் மெஷின். அதன் மேல் கழுத்து வளைந்த ஒரு விளக்கு. சுவரில் வரிசையாக நூற்கண்டுகள். புருஷன் சலூன்காரர். முப்பத்தைந்து வருஷமாகக் கத்தரியும் சீப்புமாக நின்றே பிழைத்தவர். வாய் ஓயாததால் முடிவெட்ட வருகிறவர்கள் வைத்த பெயர் ரேடியோ. காலில் நரம்பு புடைத்துக்கொண்டது. மத்தியானத்துக்கு மேல் நிற்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ரேடியோ அரை நாள் வீட்டில் பாட ஆரம்பித்தது.

சும்மா இருக்கத் தெரியாத மனுஷர். முதல் வாரம் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினார். கடிகாரம் அதோடு சரி. அடுத்த வாரம் நூற்கண்டுகளை ஒழுங்குபடுத்துகிறேன் என்று உட்கார்ந்து, "கறுப்புன்னா கறுப்புதானே" என்று ஏழு வகைக் கறுப்பையும் ஒரே டப்பாவில் கொட்டிவைத்தார். அன்று சாயங்காலமே தையலக்கா விதைக்கடைக்குப் போனாள்.

"எங்க வீட்டுக்காரர் கையைக் கட்டிப்போடுற மாதிரி ஏதாவது குடும்மா."

கடைக்காரி சிரித்துவிட்டாள். "வெங்காயம் கொண்டுபோங்கக்கா. முளைக்கிறது பெரிய விஷயமில்ல. முளைச்சப்புறம்தான் வேலையே. அண்ணன் இடத்தைவிட்டு நகர மாட்டார் பாருங்க."

சொன்னதுபோலவே ஆயிற்று. தட்டில் மண் பரப்பி, விதை தூவி, மேலே கண்ணாடித்தாள் மூடி, ஒன்பதாம் நாள் முளை கண்டபோது சலூன்காரர் போட்ட சத்தத்தில் மேல்வீட்டுக்காரர் இறங்கி வந்துவிட்டார். ஊசியில் கோக்க மடித்த நூல்போல ஒவ்வொன்றும் வளைந்து மண்ணுக்கு வெளியே வந்திருந்தது. பிறகு மெல்ல நிமிர்ந்து, விதையின் கறுப்புத் தோலைத் தொப்பிபோலத் தலையில் மாட்டிக்கொண்டு நின்றன. சலூன்காரர் பாசம் பொங்கக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினார். குளிரக் கூடாதென்று மூடியையும் எடுக்கவில்லை. ஆறே நாளில் மண்ணோடு ஒட்டிய இடம் அழுகி, தட்டு முழுவதும் படுத்துவிட்டது.

அன்றைக்கு வீட்டில் ரேடியோ பாடவில்லை. தட்டைக் கழுவி வெயிலில் கவிழ்த்துவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தையலக்கா வேண்டுமென்றே நூல் டப்பாவை அவர் பக்கம் நகர்த்தி வைத்துப் பார்த்தாள். தொடவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாகிவிட்டது. மறுநாள் அவரைக் கையோடு விதைக்கடைக்கு அழைத்துப் போனாள்.

"முளைச்ச உடனே மூடியை எடுத்துடணும்ணா," என்றாள் கடைக்காரி. "தலையில தண்ணி ஊத்தாதீங்க. தட்டைத் தண்ணியில கொஞ்ச நேரம் வைங்க, அடியிலேர்ந்து அதுவே குடிச்சுக்கும். மேல்மண்ணு காஞ்சாத்தான் அடுத்த தடவை. காத்து வேணும். வெளிச்சம் தலைக்கு மேல நாலு விரல்ல இருக்கணும், வளர வளர விளக்கை உயர்த்துங்க."

இரண்டாவது தட்டு முளைத்த அன்று தையலக்காவின் விளக்கு மெஷினைவிட்டுத் தட்டுக்குப் போயிற்று. மேஜை மின்விசிறியும் போயிற்று.

"ஏங்க, நான் எப்படித் தைக்கிறது?"

"உனக்குத்தான் ஜன்னல் இருக்கே. அதுங்களுக்கு யாரு இருக்கா?"

அவள் முணுமுணுத்துக்கொண்டே மெஷினை ஜன்னலோடு ஒட்டி இழுத்துப் போட்டாள். இந்த முறை நாற்று நன்றாக வந்தது. விளக்குக்கும் நுனிக்கும் நடுவே தினமும் நாலு விரலை வைத்துப் பார்ப்பார். ஆறு வாரத்தில் ஒரு சாண் உயரம். மெலிசாக, தலைபாரம் தாங்காமல் ஒன்றன் மேல் ஒன்று சாய ஆரம்பித்தன. நுனியை வெட்டிவிட்டால்தான் தண்டு பருக்கும் என்று கடைக்காரி சொல்லியிருந்தாள். சலூன்காரர் தினமும் கத்தரியைத் துடைத்து எடுத்துவருவார், நாற்றைப் பார்ப்பார், திரும்பக் கொண்டுபோய் வைத்துவிடுவார்.

"வீறிட்டு அழுற குழந்தைக்கெல்லாம் முடிவெட்டின கை. இதுக்கு நடுங்குதா?" என்று தையலக்கா கேட்டாள்.

"நாளைக்குப் பாக்கலாம்," என்றார்.

அந்த நாளை வருவதற்குள் குடலிறக்கம் வந்துவிட்டது. அடிவயிற்றில் கை வைத்துக்கொண்டு சலூனிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனவரை, மறுநாளே ஆபரேஷன் என்று படுக்கவைத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்து கண் விழித்ததும் பக்கத்தில் இருந்த மனைவியிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "விசிறி ஓடுதா?"

"உங்களுக்கா, வெங்காயத்துக்கா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலையில் தையலக்கா எழுந்து பார்த்தபோது பாதித் தட்டு நாற்று சாய்ந்து ஈரமண்ணில் கிடந்தது. சிலவற்றின் நுனி கொழகொழத்துப்போக ஆரம்பித்திருந்தது. அவருக்குப் போன் போட்டாள்.

"தொடாத! நான் வந்து பாத்துக்கறேன். நீ எதையும் தொடாத!"

அவர் வர இன்னும் இரண்டு நாள் இருந்தது. தையலக்கா போனை வைத்துவிட்டுத் தட்டருகே வந்தாள். முதல் தட்டு போன அன்று அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, துணி வெட்டும் கத்தரியை எடுத்தாள். காகிதத்தில்கூடப் படவிடாத கத்தரி அது. சுடுதண்ணீரில் கழுவித் துடைத்து, மூன்று விரல் உயரம் விட்டு, ஒரு ஓரத்திலிருந்து வெட்டிக்கொண்டே போனாள். அறை முழுக்க வெங்காய வாசம். கண் கரித்தது. வாசத்தினால்தான் என்று சொல்லிக்கொண்டாள்.

வெட்டியதில் அழுகலைக் கழித்துவிட்டாலும் ஒரு கைப்பிடி பச்சைத்தாள் மிஞ்சியது. தூக்கிப்போட மனசு வரவில்லை. கழுவி, பொடியாக நறுக்கி, இரண்டு முட்டையில் அடித்து ஆம்லெட் போட்டு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போனாள். அன்றுதான் அவர் நன்றாகச் சாப்பிடலாம் என்று சொல்லியிருந்தார்கள்.

"அடடா," என்றார் முதல் வாயிலேயே. "என்ன வாசம்! எங்க வாங்கின இந்தத் தாளை?"

"தெரிஞ்ச இடம்தான்."

"இன்னும் கொஞ்சம் கிடைக்குமா?"

"இப்போதைக்குக் கிடைக்காது," என்று சொல்லிவிட்டு அவள் அவசர அவசரமாகத் தண்ணீர் பிடிக்கப் போனாள்.

ஐந்தாம் நாள் வீடு திரும்பியவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் தட்டருகே போய் நின்றார். நாற்றெல்லாம் ஒட்ட வெட்டிக்கொண்டு, ராணுவத்தில் சேர்த்த பிள்ளைகள்போல நிமிர்ந்து நின்றன. தையலக்கா கதவோரம் பையைப் பிடித்தபடி நின்றாள். திட்டுவார் என்றுதான் நினைத்தாள். அவர் குனிந்தார், வலி பிடிக்க நிமிர்ந்தார், தட்டை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"இந்தப் பக்கம் ஏத்த இறக்கமா இருக்கு."

"எனக்குத் துணிதான் வெட்டத் தெரியும்."

"சீப்பு வச்சு வெட்டியிருக்கணும்," என்றவர் சட்டென்று நிறுத்தினார். "இரு இரு. அப்போ அந்த ஆம்லெட்?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்குவதை மறைக்க முடியவில்லை. அவருக்கும் சிரிப்பு பீறிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"சிரிக்க வைக்காதடி, தையல் பிரிஞ்சிடும்!"

"பிரிஞ்சா நான் போட்டுத் தர்றேன். அதுதானே என் வேலை."

சிரித்து ஓய்ந்த பிறகு அவர் குரல் இறங்கியது. "முதல் தட்டு என் கையாலதானே போச்சு. அதான் எனக்குக் கை வரல."

"தெரியும்," என்றாள் அவள். "அதனாலதான் நான் வெட்டினேன்."

அடுத்த முறை நாற்று உயர்ந்தபோது அவரே வெட்டினார், சீப்பு வைத்து. பிறகு தினம் ஒரு மணி, இரண்டு மணி என்று பால்கனியில் வைத்து வெயிலுக்கும் காற்றுக்கும் பழக்கினார்கள். தண்டு பென்சில் தடிமனுக்கு வந்ததும் மொட்டைமாடியில் பழப்பெட்டிகளில் மண் நிரப்பி நட்டார்கள். கனம் தூக்கக் கூடாது என்பதால் அவர் ஸ்டூலில் உட்கார்ந்து உத்தரவு போட, தையலக்காதான் சுமந்தாள். "வயித்துக்கு ஆபரேஷன் பண்ணாங்க, வாயை விட்டுட்டாங்க," என்று மூச்சு வாங்கினாள். நூற்றுப்பன்னிரண்டு நாற்று. அதில் தொண்ணூறுக்கு மேல் தேறின. சில கோலிக்குண்டு அளவு. சில மட்டும் கைக்கு அடங்காமல் விளைந்தன.

அறுவடை முடிந்த வாரம் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோன தையலக்கா சலூன் கதவருகே நின்றாள். உள்ளே ரேடியோ முழுச் சத்தத்தில் பாடிக்கொண்டிருந்தது.

"ஆபரேஷன் பண்ணின வயித்தோட படுத்துக்கிட்டே போன்ல சொல்றேன், 'தைரியமா வெட்டு, மூணு விரல் விட்டு வெட்டு, ஒண்ணும் ஆகாது'ன்னு. அவ பயந்துட்டா பாவம்."

தையலக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அவர் கதையை முடிக்கட்டும் என்று வெளி பெஞ்சில் உட்கார்ந்து, சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டாள்.