முதற் சொல்லை விழுங்கிய ஹெட்போன்

சறோஜினிதேவியின் இடக்கை அண்ணனின் கன்னத்தை இழுத்துப் பிடித்திருந்தது. வலக்கையில் சவரக்கத்தி. ஒரு கன்னம் முடிந்து, மற்றது நுரையோடு இருந்தபோது தொலைபேசி அடித்தது.

"இராசமணியக்கா, அதை ஒருக்கா எடுத்துச் சத்தத்தைக் கூட்டிப் பிடியுங்கோ. என்ர கையெல்லாம் நுரை."

பிடித்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து தேனுஜன் பேசினான். தீவுகளில் உள்ள வயதானவர்களின் பேச்சைப் பதிவு செய்து சேர்த்துவைக்கும் சிறிய நிறுவனம் ஒன்றில் அவனுக்கு வேலை. பதிவுகளைக் கேட்டுச் சொல்லுக்குச் சொல் கணினியில் தட்டித் தர ஆள் தேடினார்கள். சறோஜினிதேவி விண்ணப்பித்து, பரீட்சைக்காகக் கொடுத்த நாற்பது நிமிடப் பதிவை முடித்து அனுப்பியிருந்தாள்.

"அன்ரி, குறை நினைக்காதேங்கோ. தட்டினதிலை பிழை இல்லை. ஆனா நாற்பத்திரண்டு இடத்திலை சொல் விடுபட்டிருக்கு. எங்கடை நிறுவனத்துப் பெரியவர் வேற ஆளைப் பாப்பம் எண்டிட்டார். நான்தான் இன்னொரு தரம் கேட்டு வாங்கினனான். வியாழக்கிழமை காலமை ஒன்பது மணிக்குள்ளை திருப்பிச் செய்து அனுப்புவியளே?"

"அனுப்புறன் தம்பி."

அன்று செவ்வாய்க்கிழமை.

நான் தொலைபேசியை வைக்க முன்னமே அண்ணன் விஸ்வலிங்கம் தொடங்கிவிட்டார். "நான் சொல்லேல்லையே? உனக்குக் காது போட்டுது, கேக்கிறேல்லை. அறுபத்துமூண்டு வயசிலை உந்த வேலை என்னத்துக்கு? ஜெகதீஸ் மாதாமாதம் அனுப்புறான்தானே?"

"வாயை மூடுங்கோ அண்ணை. சொண்டு வெட்டுப்படும்."

மற்றக் கன்னத்தையும் ஒரு கீறல் இல்லாமல் முடித்து, துடைத்து, கத்தியைக் கழுவி வைத்த பிறகுதான் அவள் கதிரையில் உட்கார்ந்தாள். அதே ஒழுங்கையில் குடியிருக்கும் நான், முதியோர் பராமரிப்புப் பயிற்சி எடுத்து இருபத்தாறு வருடம் மற்றவர்களின் வீடுகளில் நோயாளரைப் பார்த்தவள். மனம் குழம்பியிருக்கும் நேரத்திலும் கை நடுங்காதவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். நயினாதீவில் பிறந்தவள். கலியாணம் கட்டவில்லை. இருபத்திரண்டு வயதில் ஊர்காவற்றுறைத் தபாற் கந்தோரில் தொலைபேசி இணைப்புப் பலகையில் இருந்தாள். தலையில் ஹெட்செற், கையில் செருகுகம்பி. மழைக்கால இரைச்சலுக்குள் ஒருவர் சொல்லும் இலக்கத்தைத் திருப்பிக் கேட்காமல் பிடிக்கவேண்டும். சண்டையில் அந்தக் கந்தோரும் போய், அவளும் வவுனியா போய், திரும்பி வந்து கூட்டுறவுச் சங்கத்தில் தட்டெழுத்தாளராக இருந்து ஓய்வுபெற்றாள். ஓய்வூதியம் கிடையாது. அண்ணனுக்குப் பாரிசவாதம் வந்து வலக்கை விழுந்ததிலிருந்து அவரையும் பார்க்கிறாள். வீட்டுச் செலவுக்கு லண்டனில் இருக்கும் அண்ணன் மகன் ஜெகதீஸ் அனுப்புகிறான். நல்ல பிள்ளை. ஆனாலும் ஒரு சோடி செருப்பு வாங்குவதானாலும் அவனுக்குச் சொல்லவேண்டியிருப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. அந்த வேலை அவளுக்குத் தேவைப்பட்டது அதற்காகத்தான். இப்போது அதோடு அவளுடைய காதின் மானமும் சேர்ந்துகொண்டது.

"அக்கா, உங்கடை வாயாலை ஒண்டிலை இருந்து இருவது மட்டும் எண்ணுங்கோ," என்று தன் தொலைபேசியை என் முன்னால் நீட்டினாள். எண்ணினேன். பதிவு செய்தாள். பிறகு, பரீட்சைப் பதிவைக் கேட்ட அதே ஹெட்போனை, ஜெகதீஸ் அனுப்பியதை, மாட்டினாள்.

அந்த ஹெட்போனைப் பற்றி ஊரில் தெரியாதவர்கள் இல்லை. கம்பி இல்லாதது, லண்டன் காசில் இருநூறு பவுண். அண்ணன் வருவோர் போவோருக்கெல்லாம் அதை எடுத்துக் காட்டுவார். உப்புக்காற்றுப் படாமல் பொலித்தீன் பையில் போட்டு அலுமாரியில் வைத்திருப்பார். லண்டனிலிருந்து வந்த சாமானில் குற்றம் இருக்கலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

அவள் பதிவை ஓடவிட்டாள், நிறுத்தினாள், ஓடவிட்டாள், நிறுத்தினாள். தட்டச்சு செய்பவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். நாலு சொல் கேட்டு நிறுத்தித் தட்டிவிட்டு, மறுபடி ஓடவிடுவார்கள்.

"நாலு மட்டும் கேட்டு நிப்பாட்டினன். திருப்பி விட ஆறிலை தொடங்குது. அஞ்சு எங்கை?"

ஹெட்போனைக் கழற்றி வெறும் தொலைபேசியில் போட்டாள். ஐந்து இருந்தது. மறுபடி மாட்டினாள். பதினொன்றைக் காணவில்லை.

"நிப்பாட்டின உடனை இது நித்திரையாப் போகுது அக்கா. எழும்ப அரைச் செக்கன் எடுக்குது. அதுக்குள்ளை ஒரு சொல் போயிடுது." முகம் தெளிந்துவிட்டது. "காது போகேல்லை."

"இருநூறு பவுண் சாமான்!" என்றார் விஸ்வலிங்கம்.

"ஓம் அண்ணை. பாட்டுக் கேக்க நல்லது. ஆர் பாட்டை நிப்பாட்டி நிப்பாட்டிக் கேக்கினம்?"

ஹெட்போனே இல்லாமல் கேட்கவும் வழியில்லை. அண்ணனின் வானொலி காலை ஆறு மணியிலிருந்து முழுச் சத்தத்தில் ஓடும். அவருக்குத்தான் உண்மையில் காது மந்தம். பதிவில் பேசுபவர் அனலைதீவைச் சேர்ந்த குருசுமுத்து என்ற கடற்றொழிலாளி. பல் இல்லை. கரையில் நின்று, காற்றுக்குள் பேசியிருந்தார்.

அவளிடம் சொந்தமாக எண்ணாயிரம் ரூபாய் இருந்தது, பனங்கிழங்கைக் காயவைத்து ஒடியல் விற்றது. அதற்குமேல் ஒரு சதம் இல்லை. ஜெகதீசிடம் கேட்கமாட்டேன் என்றாள்.

புதன்கிழமை முதற் படகில் போனோம். எனக்கு அன்று யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் கிளினிக் நாள். அதைச் சாட்டாக வைத்து நானும் ஏறினேன். அண்ணனுக்குச் சோறு மூடி வைத்து, பக்கத்து வீட்டுத் துஷாந்தியை எட்டிப் பார்க்கச் சொல்லியிருந்தாள். குறிகட்டுவானில் இறங்கி பஸ் எடுத்தோம். புங்குடுதீவு தாண்டும்வரை அவள் விரல் மடித்து ஏதோ கணக்குப் பார்த்தாள். வேலணையில் என் பக்கம் திரும்பி, "கம்பி உள்ளதுதான். அது முடிவு," என்றாள்.

"காதை முழுக்க மூடுறதாப் பாரும்," என்றேன். "காதுமடலிலை அழுத்துறது சரிவராது. நீர் கண்ணாடி போடுறனீர். நாலு மணித்தியாலம் கண்ணாடிக் கம்பியை அமத்திக்கொண்டிருந்தால் பின்பக்கம் புண் வரும். நான் எத்தினை காதுக்கு மருந்து கட்டினனான்."

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தடியில் இருந்த ஹெட்போன் கடையில், கடைக்காரப் பொடியன் எங்கள் இருவரையும் கண்டதும் சிரித்துக்கொண்டு வந்தான். "பேரப்பிள்ளைக்கோ அம்மா?"

"எனக்கு."

"ஓ. அப்ப தேவாரம் கேக்கவோ?"

"இல்லைத் தம்பி, வேலைக்கு."

அவன் அதை நம்பவில்லை. நீல வெளிச்சம் எரிகிற ஒன்றை எடுத்து வைத்தான். பதினாலாயிரத்து ஐந்நூறு. வெளிச் சத்தத்தை அதுவே அடக்குமாம், தொண்ணூறு வீதம் என்று பெட்டியில் போட்டிருந்தது.

"வெளிச்சம் என்னத்துக்கு? நான் அதைத் தலையிலை போட்டால் எனக்குத் தெரியாதே," என்றாள் சறோஜினிதேவி. "வெளிச்சத்துக்கும் காசு, அடக்கிறதுக்கும் காசு. எனக்குக் கேக்கிறதுக்கு மட்டும் காசு தரலாம். கம்பி உள்ளதைக் காட்டும்."

இரண்டாயிரத்துத் தொளாயிரத்துக்கு ஒன்று. அவன் அதில் சினிமாப் பாட்டுப் போட்டுக் கொடுத்தான். கடையே அதிருமாப்போல் மத்தளம் இடித்தது. "செம சத்தம் அம்மா!"

அவள் பாட்டை நிறுத்திவிட்டு, பையிலிருந்து தன் தொலைபேசியை எடுத்து, குருசுமுத்துவின் பேச்சைப் போட்டாள். கேட்டாள். எனக்கும் தந்தாள். காற்று இடிமாதிரி உறுமியது. மனிசன் அதற்கடியில் எங்கேயோ முனகினார். பாட்டுக்கு நல்லாயிருந்த அந்த மத்தளம்தான் இங்கே மனிசனை மூடியது.

"அடுத்தது."

அடுத்ததில் பேச்சுத் தெளிவு. அதை மாட்டிக்கொண்டு ஒரு முக்காலியில் இருந்தாள். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் கழற்றச் சொல்லிக் காதின் பின்பக்கம் பார்த்தேன். கண்ணாடிக் கம்பி அழுத்திய இடத்தில் சிவப்புக் கோடு. விரலால் அமத்தினேன், நிறம் திரும்ப நேரம் எடுத்தது. வேண்டாம் என்றேன்.

"அம்மாமாரே, இது சட்டை இல்லை, ஹெட்போன். போட்டுப் போட்டு அளவு பாக்கிறியள்!" என்றான் பொடியன். கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள்.

"சட்டை எண்டால் இறுக்கினால் உடனை கழட்டிப்போடலாம் தம்பி, இதை வேலை முடியுமட்டும் போட்டிருக்கவேணும். மேல் தட்டிலை தூசு பிடிச்ச பெட்டி ஒண்டு இருக்கு. அது என்ன?"

அவன் ஏணி வைத்து எடுத்தான். கறுப்பு நிறம், பார்க்க ஒரு சீர் இல்லை. ஒலிப்பதிவுக்காரருக்கென்று கொண்டுவந்ததாம், ஒருவரும் கேட்பதில்லையாம். காதை முழுவதும் மூடும் பெரிய மெத்தை. அவள் முதலில் பார்த்தது கம்பியை. தலையில் மாட்டும் பகுதியிலிருந்து அது தனியே கழன்றது.

"பழுதாப் போறது எப்பவும் கம்பிதான்," என்று எனக்குச் சொன்னாள். "கந்தோரிலையும் அப்பிடித்தான். இதிலை கம்பியை மட்டும் மாத்தலாம். மெத்தை?"

"அதுவும் தனிய வாங்கலாம் அம்மா."

குருசுமுத்துவைப் போட்டாள். கண்களை மூடினாள். நிறுத்தினாள், ஓடவிட்டாள், நிறுத்தினாள், ஓடவிட்டாள். வெளியே பஸ்காரர் கத்திக்கொண்டிருந்தார்கள், கடைக்குள்ளும் பாட்டு. அவள் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. அரை மணித்தியாலம் அப்படியே இருந்தாள். நான் பார்த்தபோது காதில் சிவப்பு இல்லை. வியர்வை கொஞ்சம் இருந்தது, அதற்குப் பருத்தித் துணியில் உறை தைக்கலாம். பிறகு ஹெட்போனைப் பொடியனிடம் நீட்டினாள்.

அவன் மாட்டிக் கேட்டான். முகம் மாறிற்று. "ஐயோ, ஆர் இந்தக் கிழவர்? பக்கத்திலை நிண்டு கதைக்கிறமாதிரி இருக்கு. காத்துத் தனிய, ஆள் தனியக் கேக்குது."

"எவ்வளவு?"

"எண்ணாயிரத்துத் தொளாயிரம்."

"பெட்டி கிழிஞ்சுபோய்க் கிடக்கு."

"பெட்டிதானே அம்மா?"

"அதுதான் நானும் சொல்லுறன். நான் பெட்டியைக் காதிலை போடப்போறேல்லை. அதுக்கு ஏன் காசு? ரெண்டு வருசமா அந்தத் தட்டிலை கிடந்திருக்கும். இண்டைக்கு நான் எடுக்காட்டி இன்னும் ரெண்டு வருசம் தூசு தட்டுவீர்."

உள்ளேயிருந்த முதலாளி எட்டிப் பார்த்து, "குடுத்து விடடா, இல்லாட்டிப் பின்னேரம் மட்டும் முக்காலியிலை இருப்பினம்," என்றார். ஏழாயிரத்து எழுநூறு. பழுதென்றால் ஒரு கிழமைக்குள் மாற்றித் தருவதாகப் பற்றுச்சீட்டின் பின்னால் எழுதுவித்துக் கையொப்பமும் வாங்கினாள்.

எண்ணாயிரத்துக்குள் நல்ல ஹெட்போன் வாங்கலாமோ என்று இப்போது பலர் என்னைக் கேட்கிறார்கள். வாங்கலாம். உங்கள் வேலைக்குரிய சத்தத்தை நீங்களே கொண்டுபோங்கள். கடைக்காரர் போடும் பாட்டை நம்பாதீர்கள். அரை மணித்தியாலம் தலையில் வைத்திருங்கள், சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

இரண்டரை மணிப் படகில் திரும்பினோம். நாலு மணிக்கு அவள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாள். அடுத்த அறையில் விஸ்வலிங்கத்தின் வானொலியில் செய்தி முழங்கியது. நான் தேத்தண்ணி கொண்டுபோய் வைத்துக் கூப்பிட்டேன், அவளுக்குக் கேட்கவில்லை. பழைய மடிக்கணினியில் விரல்கள் ஓடின, நின்றன, ஓடின. விளக்கு ஏற்றும் நேரத்தில் வெளியே வந்து, "அந்த நாற்பத்திரண்டு சொல்லும் அங்கைதான் இருந்தது. ஒண்டுகூடக் கஸ்ரமான சொல் இல்லை," என்று கோபத்தோடு சொன்னாள்.

வியாழக்கிழமை காலை நான் போனபோது எழுதியதை ஒருமுறை பதிவோடு ஒத்துப் பார்த்து முடித்திருந்தாள். ஏழரைக்கு அனுப்பினாள். பிறகு அண்ணனைக் குளிக்க வார்த்தாள், இடியப்பம் அவித்தாள். பத்து மணிக்கு முன் தொலைபேசி அடித்தது. இந்தமுறை கையில் நுரை இல்லை. ஆனாலும் என்னிடமே தந்து, சத்தத்தைக் கூட்டச் சொன்னாள். அண்ணனுக்குக் கேட்கவேண்டுமாம்.

"அன்ரி, ரெண்டே ரெண்டு பிழை. இவ்வளவு சுத்தமா எங்களுக்கு ஒருத்தரும் தரேல்லை. பெரியவர் கேக்கிறார், இந்த அம்மா முந்தி எங்கை வேலை செய்தவ எண்டு. நெடுந்தீவுப் பதிவு பதினொண்டு இருக்கு, இண்டைக்கே அனுப்பட்டோ?"

"அனுப்பும் தம்பி. ஊர்காவற்றுறைத் தபாற் கந்தோர் எண்டு சொல்லும்."

விஸ்வலிங்கம் இடியப்பத் தட்டை இடக்கையால் தள்ளி வைத்தார். பிறகு, "சின்ன வயசிலையே இவளுக்கு நல்ல காது," என்று எனக்குச் சொன்னார், ஏதோ அவர்தான் கொடுத்தது போல.

அவள் அலுமாரியைத் திறந்து லண்டன் ஹெட்போனைப் பொலித்தீன் பையிலிருந்து எடுத்தாள். அண்ணனின் தொலைபேசியோடு இணைத்து, அதில் வானொலியைப் போட்டு, அவர் தலையில் மாட்டிவிட்டாள். பெரிய வானொலியை நிறுத்தினாள். வீடு அமைதியானது.

"நல்லாக் கேக்குதடி!" என்று அவர் முற்றத்துக் கோழிகள் பறக்கக் கத்தினார்.

ஜெகதீசுக்குக் குரலில் செய்தி அனுப்பினாள்: "தம்பி, நீ அனுப்பினதிலை அப்பா வானொலி கேக்கிறார், சந்தோசமா இருக்கிறார். வாற மாதத்திலை இருந்து நீ பாதிக் காசு அனுப்பினால் காணும், மிச்சத்தை நான் உழைப்பன்." பிறகு கறுப்பு ஹெட்போனை மாட்டி, நெடுந்தீவின் முதற் பதிவைத் திறந்தாள்.