களத்தில் மாற்றி எழுதிய ஒப்படை

போன வாரம் களுவாஞ்சிக்குடியில் ஓர் அச்சகத்துக்குள் நுழைந்ததும் மை மணத்தது. மனம் நேரே எங்கள் கல்லூரியின் ரோணியோ அறைக்குப் போய்விட்டது. பத்திரிகை வேலையை விட்டு இதழியல் கற்பிக்கப் போன முதல் வருடம். என் பாடத்திட்டத்தை ரோணியோ மெஷினில் நானே உருட்டிப் பிரதி எடுத்து, கறுத்த விரல்களோடு வகுப்புக்குப் போவேன். செய்தி என்றால் யார், எங்கே, எத்தனை. ‘எத்தனை’க்குத்தான் கூடுதல் புள்ளி. செய்தியாசிரியரிடம் நான் வாங்கிய ஏச்செல்லாம் அதற்காகத்தான். மாணவர்களும் கொஞ்சம் அனுபவிக்கட்டுமே.

மாசியில் வகுப்பு பாதியாகிவிடும். வயல் ஊர்ப் பிள்ளைகள் அறுவடைக்குப் போய்விடுவார்கள். சித்தாண்டி ஊர் யோகேஸ்வரி இன்னும் ஒரு வகுப்பைத் தவறவிட்டால் பரீட்சை எழுத முடியாது.

“அப்பாக்கு ஆள் இல்ல சேர். என்னால வரேலாது.”

“அப்ப நாங்க அங்க வாறம்,” என்றான் ரொய்ஸ்டன். டவுனில் வளர்ந்த பறங்கிப் பையன்.

“வந்து? கதிர மிதிச்சிப்போட்டுப் போகவா?”

யோகேஸ்வரி கேட்க, வகுப்பு சிரித்தது. நான், மாணவர்கள் அடுத்து எழுதித் தரவேண்டிய ஒப்படையான நீதிமன்றச் செய்தியை வெட்டிவிட்டு ‘சூடடிப்பு’ என்று எழுதினேன். வரவைக் களத்திலேயே எடுப்பதாக ஏற்பாடு.

வயல் வட்டையில் உழவு இயந்திரம், களத்தில் பரப்பிய கதிர்ச் சூட்டைச் சுற்றிச் சுற்றி மிதித்து நெல்லை உதிர்த்துக்கொண்டிருந்தது. ரொய்ஸ்டன் கொப்பியைத் திறந்து யோகேஸ்வரியின் அப்பாவிடம் கேட்டான்: “ஐயா, எத்தின மூட்டை வரும்?”

எல்லாரும் அப்படியே நின்றார்கள். நெல்லை அள்ளும் முன் களத்தில் கணக்குக் கேட்டால் விளைச்சல் குறைந்துபோகும் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கேள்வியோ என் ஒப்படையில் முதலாவது.

“களத்துக்க நிண்டு கணக்குக் கேக்கிறியா மனே? போங்க, எல்லாரும் போங்க!” என்று அவர் விரட்டினார்.

போனால் வகுப்பு இல்லை. அவளுக்கு வரவும் இல்லை. யோகேஸ்வரிதான் என்னிடம் வந்தாள்.

“சேர், அந்தக் கேள்விய வெட்டுங்க. என்ன கேக்கிறதெண்டு நாங்க சொல்லுறம்.”

வரம்பில் குந்தியிருந்து மாணவர்களே ஒப்படையை மாற்றி எழுதினார்கள், புள்ளிகள் உட்பட. ரொய்ஸ்டன் தயங்கித் தயங்கி அவரிடம் திரும்பப் போனான்.

“ஐயா, இந்த முறை எதுக்குக் கூடப் பயந்தீங்க?”

 “யானைக்குத்தான். வேற ஆருக்கு, உனக்கா?” என்றார். பொழுது சாயும்வரை பேச்சு நிற்கவில்லை.

யோகேஸ்வரி பரீட்சை எழுதினாள். அடுத்தடுத்த வருடங்களிலும் ஒப்படையை மாணவர்களே வகுத்தார்கள். யாருடைய ஊருக்குப் போவது என்று சண்டை வேறு.

இப்போது காலையில் அறுவடை மெஷின் இறங்கினால் மத்தியானம் நெல் லொறியில் ஏறிவிடுகிறது. சூடும் இல்லை, களமும் இல்லை. அந்தக் கல்லூரியில் இன்று மாசி மாதத்திலும் எல்லாப் பிள்ளைகளும் வகுப்பில்தான் இருக்கிறார்கள்.