பெல்வார் சங்கத்தின் பதினாறு பெட்டிகள்

துலுக்கானத்துக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டார். கையில் இருப்பதை எடுத்துத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். ஸ்பேனரோ வெற்றிலைச் செல்லமோ, எதுவானாலும் அது பளபளக்கும்வரை விடமாட்டார். அப்போது பக்கத்தில் போகக்கூடாது என்று பூந்தமல்லி வண்டிப்பேட்டையில் எல்லாருக்கும் தெரியும். அவர் வாழ்நாளில் பாதி அப்படித் துடைத்தே கழிந்தது. அதற்குக் காரணம் ஒரு கார்.

பூந்தமல்லிக்கு மேற்கே, ஏரிக்கரை ஓரத்துச் சேரியில் பிறந்தவர் அவர். அப்பனும் பாட்டனும் ஊர்க்காரர்களின் நிலத்தில் பண்ணை வேலை செய்தவர்கள். பதினைந்து வயதில் துலுக்கானம் அந்த வேலையை உதறிவிட்டு, வெள்ளைக்கார டாக்டர் ஒருவரிடம் கார் கழுவப் போனார். இனி யார் நிலத்திலும் காலை வைக்க மாட்டேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போனார். கழுவிக் கழுவியே வண்டியைப் படித்தார், ஓட்டக் கற்றார், பிரித்துப் பூட்டவும் கற்றார்.

அந்தக் காரின் பேர் பெல்வார். பெல்ஜியம் தேசத்து வண்டி. மூக்கு இல்லாத முகம்போல முன்பக்கம் சப்பையாக இருக்கும். ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் ஊற்றவே வேண்டாம், காற்றிலேயே என்ஜின் ஆறிக்கொள்ளும். ஒரே ஒரு கதவு, அதுவும் இடப்பக்கம். பின்னால் போக வேண்டுமானால் காலால் ஒரு கட்டையை அமுக்க வேண்டும். பிள்ளைகள் அதைத் தவளை வண்டி என்பார்கள். சித்திரை வெயிலில் மற்ற கார்கள் எல்லாம் ரோட்டோரம் மூடியைத் திறந்து புகை விட்டுக்கொண்டு நிற்கும்போது, தவளை வண்டி தடதடவென்று தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும்.

1931-இல் டாக்டர் சீமைக்குத் திரும்பினார். வண்டியை யாரும் விலைக்குக் கேட்கவில்லை. துலுக்கானத்தின் பேருக்கே எழுதிக் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறினார். அந்த வாரமே துலுக்கானம் பூந்தமல்லியிலிருந்து ஆவடி ஸ்டேஷனுக்குச் சவாரி ஓட்ட ஆரம்பித்தார். ஊர்த்தெருக்காரர்கள் சிலர் முதலில் ஏறவில்லை. சேரிக்காரன் முன்னால் உட்கார்ந்திருக்க, தாங்கள் பின்னால் உட்காருவதா என்று யோசித்தார்கள். ரயிலைத் தவறவிட்ட பிறகு ஏறினார்கள். துலுக்கானம் அதையும் மறக்கவில்லை.

மெட்ராஸுக்கு மேற்கே அப்போது ஆறு பெல்வார் ஓடின. அம்பத்தூரில் மர டிப்போ வைத்திருந்த கங்காதரனிடம் ஒன்று. பூந்தமல்லி கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்த நாகேந்திரனிடம் ஒன்று. மாமனார் வீட்டுச் சீராக வந்தது. மற்ற மூன்றும் திருவள்ளூர்ப் பக்கம். இந்த ஆறு பேரும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கங்காதரனின் டிப்போவில் கூடுவார்கள். மற்ற ஐவருக்கும் நாற்காலி. துலுக்கானம் தேக்கங்கட்டை மேல் உட்காருவார். காப்பி அவருக்குத் தனி டம்ளரில் வரும். ஆனால் கூட்டம் முடிந்ததும் ஆறு வண்டியின் மூடியும் அவர் கைக்குத்தான் திறக்கும். சத்தத்தைக் கேட்டே இன்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். அந்த நேரத்தில் ஐந்து பேரும் அவரைச் சுற்றி நின்று, அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். தேக்கங்கட்டையை அவர் பொறுத்துக்கொண்டதற்கு அதுதான் காரணம்.

1934-இல் பெல்வார் கம்பெனி மூடப்பட்டது என்று மவுண்ட் ரோடு ஏஜென்டிடமிருந்து கடிதம் வந்தது. ஏஜென்டு அமெரிக்கக் கார் விற்கத் தொடங்கிவிட்டான். பழைய வண்டியைக் கொடுத்துவிட்டுப் புது வண்டி வாங்கிக்கொள்ளலாம் என்றும் எழுதியிருந்தான். அந்த ஞாயிறு சங்கத்தில் ஒரே கொதிப்பு. வண்டியை விற்றுவிட்டு உதிரி பாகத்துக்கு வழி செய்யாமல் போகிறானே என்று ஆளுக்கு ஆள் திட்டினார்கள். எல்லாரையும்விட உரக்கத் திட்டியவர் கங்காதரன். உயிர் இருக்கும்வரை பெல்வாரை விடமாட்டோம் என்று அவர்தான் முதலில் சொன்னார். யாரிடம் எந்தச் சாமான் இருந்தாலும் அது சங்கத்தில் ஆறு பேருக்கும் பொது என்று நாகேந்திரன் நோட்டில் எழுதினார். ஆறு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். துலுக்கானத்துக்கு எழுத்து தெரியாது. கிரீஸ் பட்ட கட்டை விரலை அழுத்தினார்.

மறு வருஷம் ஆடி மாதம், பருத்திப்பட்டுக்குப் பக்கத்தில் துலுக்கானத்தின் வண்டி நின்றது. பிரித்துப் பார்த்தார். என்ஜினுக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு வெண்கலப் பல்சக்கரம் இருக்கும். அதில் நாலு பல் போய்விட்டது. மவுண்ட் ரோடுக்கு நடையாய் நடந்தார். ஒரு ஆணிகூட மிச்சம் இல்லை, எல்லாவற்றையும் பழைய இரும்புக்குத் தள்ளிவிட்டோம் என்றார்கள். யாருக்குத் தள்ளினீர்கள் என்று கேட்டதற்கு வாசலைக் காட்டினார்கள். குத்துவிளக்கு வார்க்கிறவரிடம் ஒரு சக்கரம் வார்த்துப் பூட்டினார். இரண்டாம் நாள் தூள் தூளாய் உதிர்ந்தது. சங்கத்தில் போய்க் கேட்டார். ஒவ்வொருவரும் கையை விரித்தார்கள். கங்காதரன் தோளில் தட்டி, கிடைத்தால் உனக்குத்தான் முதலில் என்றார். சங்கத்தில் யாரும் துலுக்கானத்தைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

வண்டி கொட்டகையில் நின்றது. துலுக்கானமும் அவர் மனைவி கெங்கம்மாளும் வானகரத்தில் ஒரு சூளைக்குச் செங்கல் சுமக்கப் போனார்கள். சூளை இருந்தது ஊர்ப் பெரிய வீட்டு நிலத்தில். பதினைந்து வயதில் எந்த வீட்டு நிலத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாரோ அதே வீட்டு நிலம். டிரைவர் ஐயா வந்துட்டாரு, வழி விடுங்க என்று மேஸ்திரி தினமும் காலையில் சொல்லிச் சிரிப்பான். துலுக்கானம் சும்மாட்டை உதறி உதறி மடிப்பார். கெங்கம்மாள் ஒரு நடைக்குப் பன்னிரண்டு கல் எடுப்பாள். மூன்றாம் மாதம் அவள் வலது தோள் இறங்கிப் போயிற்று. அதற்குப் பிறகு இடது பக்கம் சாய்ந்து சுமந்தாள்.

அப்படி எட்டு மாதம் போயிற்று. பங்குனியில் ஒரு நாள் காலை, சாரத்துக்கு மூங்கில் ஏற்றிவரச் சொல்லி மேஸ்திரி அவரைக் கட்டை வண்டியோடு அம்பத்தூருக்கு அனுப்பினான். போனது கங்காதரனின் டிப்போவுக்கு. முதலாளி சாப்பிடப் போயிருந்தார். மூங்கில் பின்கொட்டகையில் இருக்கிறது, எடுத்துக்கொள் என்றான் கணக்கன்.

பின்கொட்டகையில் மூங்கிலுக்குப் பின்னால் மரப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. பெட்டி மேல் கறுப்பு மையில் ஒரு கொக்கு, இறக்கையை விரித்தபடி. துலுக்கானத்துக்கு எழுத்துதான் தெரியாது. அந்தக் கொக்கைத் தினமும் துணியால் துடைத்தவர் அவர். பெல்வாரின் நெற்றியில் இருந்த கொக்கு. எண்ணினார். பதினாறு பெட்டி. மேலே இருந்ததை நெம்பித் திறந்தார். எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய வெண்கலப் பல்சக்கரங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக ஒன்பது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு சக்கரத்தை எடுத்து வேட்டி முனையால் துடைக்க ஆரம்பித்தார். கங்காதரன் ஏப்பம் விட்டுக்கொண்டு வந்து நிற்கிறவரை துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இது எப்போ வந்தது முதலாளி?" என்று கேட்டார்.

கங்காதரன் முதலில் தடுமாறினார். அப்புறம் சமாளித்துக்கொண்டார். ஏஜென்டு அமெரிக்கக் காருக்கு மாறிய வாரமே எடைபோட்டு வாங்கிவிட்டதாகச் சொன்னார். தான் வாங்காவிட்டால் யாராவது உருக்கித்தான் இருப்பார்கள் என்றார்.

"எட்டு மாசமா செங்கல் சொமந்துகினு கீறேன். ஒண்ணு குடுக்கக் கூடாதா?"

"அடேய், இனிமே இந்த வண்டிக்குச் சாமான் உலகத்துல எங்கியும் கெடையாது. என் வண்டி இன்னும் இருபது வருஷம் ஓடணும். நீ சவாரி அடிக்கிறவன், தேய்ச்சுக்கினே இருப்பே. உனக்குக் குடுக்க ஆரமிச்சா எனக்கு இன்னா மிஞ்சும்? நீ வேற ஏதாச்சும் வண்டி பாத்துக்கோ."

மரம் அறுக்கிற ஆட்கள் பத்துப் பேர் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். துலுக்கானம் எழுந்தார். ஒன்பதில் எட்டைக் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் வைத்தார். மூடியை வைத்து, ஆணியைக் கல்லால் தட்டி இறக்கினார். ஒன்றை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு, மூங்கிலை ஏற்றிக்கொண்டு, மாட்டை ஓட்டினார். வழியில் நின்ற கங்காதரன் தானாக ஒதுங்கினார்.

மறுநாள் போலீஸ் வந்தது. திருட்டு என்று பிராது. காலையிலிருந்து மாலைவரை ஸ்டேஷன் வாசலில் தரையில் உட்கார வைத்தார்கள். கெங்கம்மாள் நாகேந்திரன் வீட்டுக்கு ஓடினாள். அவர் சங்கத்து நோட்டை எடுத்துக்கொண்டு வந்தார். யாரிடம் எந்தச் சாமான் இருந்தாலும் ஆறு பேருக்கும் பொது என்ற வரியையும், அதற்குக் கீழே கங்காதரனின் கையெழுத்தையும் காட்டினார். சப்-இன்ஸ்பெக்டர் இரண்டு தடவை படித்துச் சிரித்தார். கங்காதரனைக் கூப்பிட்டு, இதற்கு மேல் போனால் உமக்குத்தான் அசிங்கம் என்றார். பிராது வாபஸ் ஆயிற்று.

ஸ்டேஷனைவிட்டு வெளியே வந்ததும் துலுக்கானம் நாகேந்திரனைக் கும்பிட்டார். நாகேந்திரன் அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டு பேசாமல் போயிருக்கலாம். அவர் மனசு கேட்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, பெட்டிகள் கங்காதரனின் டிப்போவில் இருப்பது தனக்கு முன்பே தெரியும் என்றார். தனக்கும் ஒரு பெட்டிச் சாமான் கங்காதரன் கொடுத்தார் என்றார். வெளியே சொல்ல வேண்டாம் என்று சொல்லிக் கொடுத்தாராம்.

"எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"போன ஆவணியிலேர்ந்து."

துலுக்கானம் விரலை மடக்கி மாதங்களை எண்ணினார். ஏழு. அந்த ஏழு மாதத்தில் நாகேந்திரனின் வண்டிக்கு இரண்டு தடவை பிரேக் கட்டிக் கொடுத்திருந்தார், சூளையிலிருந்து வந்த களைப்போடு, கைச் சிராய்ப்போடு. கும்பிட்ட கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "பொதுன்னு எழுதுன கை உன்னுதுதானே" என்று மட்டும் சொன்னார். அதுவரை அவரை ஐயா என்றே கூப்பிட்டவர், முதல் தடவையாக நீ போட்டார். நாகேந்திரன் திருத்தவில்லை.

சக்கரம் பூட்டியதும் வண்டி கிளம்பியது. மறுபடி சவாரி நடந்தது. ஆனால் அன்றிலிருந்து மற்ற ஐந்து பெல்வாரில் ஒன்றின் மூடியையும் அவர் திறக்கவில்லை. திருவள்ளூர்க்காரர்கள் மூவருக்கும் பெட்டி விஷயம் தெரியாது. அவர்கள் வந்து கெஞ்சினார்கள். அவர்களுக்கும் இல்லை என்றுவிட்டார். அது நியாயமில்லை என்று கெங்கம்மாள் சொன்னாள். நியாயத்தை எனக்கு யார் காட்டினார்கள் என்று கேட்டார். இரண்டு வருஷத்துக்குள் அந்த மூவரும் வண்டியைக் கொடுத்துவிட்டு அமெரிக்கக் கார் வாங்கினார்கள். நாகேந்திரன் தன்னிடம் இருந்த பெட்டியைத் துலுக்கானத்தின் வீட்டுக்கே அனுப்பினார். துலுக்கானம் அதைத் திறக்காமல் திருப்பி அனுப்பினார். நாகேந்திரனின் வண்டி துருப்பிடித்துக் கடைசியில் கோழிக்கூண்டாயிற்று. கங்காதரனின் வண்டி பதினாறு பெட்டிச் சாமானோடு டிப்போவில் நின்றது. பூட்டத் தெரிந்த ஆள் மெட்ராஸ் முழுக்கத் தேடியும் அவருக்கு அகப்படவில்லை.

உலகச் சண்டைக் காலத்தில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. கூப்பன் கேட்டுப் போன துலுக்கானத்தை மூன்று தடவை அலையவிட்டுப் பிறகு இல்லை என்றார்கள். ஆவடியில் ராணுவ டிப்போ கட்டியபோது அங்கே பிட்டர் வேலைக்குச் சேர்ந்தார். லாரி என்ஜின்களைப் பிரித்துப் பூட்டினார். பெல்வார் அவர் கொட்டகையில், எண்ணெய் போட்டுத் துடைத்து, ஓடக்கூடிய நிலையில் நின்றது.

1945 தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கங்காதரன் சேரிக்கே வந்தார். குடையை மடக்கிக்கொண்டு வாசலில் நின்றார். தலை முழுக்க நரைத்துவிட்டது. மகளுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை அழைப்புக்குத் தன் பெல்வார்தான் போக வேண்டும் என்று ஆசை. பெட்டி எல்லாவற்றையும் எடுத்துக்கொள், ஒரே ஒரு நாள் ஓட வைத்துக்கொடு என்றார். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. அந்த வண்டி மேல் அவருக்கு இருந்த பிரியம் பொய்யில்லை என்று கெங்கம்மாளுக்கே தெரிந்தது.

துலுக்கானம் கையில் இருந்த வெண்கலச் சொம்பைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நான் எட்டு மாசம் செங்கல் சொமந்தேன். நீ எட்டு நாள் வந்து சொம. அப்பால வந்து பூட்றேன்."

கங்காதரன் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். மாப்பிள்ளை அழைப்பு வாடகைக் காரில் நடந்தது.

அன்று கங்காதரன் தலை மறைந்ததும் கெங்கம்மாள் அடுப்பை விட்டு எழுந்து வந்தாள். வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தாள். ஒன்பது வருஷமாக அந்தக் கை தோளுக்கு மேல் உயர்வதில்லை.

"நான் சொமந்தேன், நான் சொமந்தேன்னு அந்தாளுகிட்டச் சொன்னியே. நானும்தானே சொமந்தேன்? ஊர்ல எத்தினி பேருகிட்ட எத்தினி வாட்டி இதைச் சொல்லிக்கீறே. ஒரு வாட்டியாச்சும் என் பேரு அதுல வந்துதா?"

துலுக்கானம் சொம்பைக் கீழே வைத்தார். அவள் உள்ளே போய்விட்டாள். இரண்டு நாள் அவள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் அவர் ராணுவ டிப்போ வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, எங்கிருந்தோ கொஞ்சம் பெட்ரோல் வாங்கி வந்து, அவளை முன்சீட்டில் உட்காரவைத்து மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்குத் தோளைக் காட்ட அழைத்துப் போனார். ரொம்ப நாளாகிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார் டாக்டர். திரும்பி வரும் வழி முழுக்க, அவள் அவர் மேலும் அவர் தன் மேலும் கோபமாகவே உட்கார்ந்திருந்தார்கள்.