முதல் ஆட்டத்துக்கு முன்பே ஒரு பொன்னாடை

அபி, துளசி... இந்த வாரம் அப்பா உங்கள் இரண்டு பேருக்கும்தான் எழுதுகிறேன். மற்றப் பிள்ளைகளும் வாசிக்கலாம். அவர்களுடைய அப்பாமார் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

போன ஞாயிறு லண்டன் சட்டன் மைதானத்தில் அப்பா ஒரு மணித்தியாலம் வாயைத் திறக்காமல் நின்றேன். உங்கள் அம்மா இன்னும் நம்பவில்லை.

ஏன் அப்படி நின்றேன்? தெரியாதவர்களுக்காக முதலில் இருந்து சொல்கிறேன்.

அபிக்குப் பதின்மூன்று வயது. விளையாடுவது அமெரிக்கன் ஃபுட்பால். அதிலும் ஆளை இடித்து விழுத்துகிற வகை அல்ல. இடுப்பில் இரண்டு நாடா தொங்கும். பந்தோடு ஓடுகிறவளின் நாடாவை எதிரணி இழுத்தெடுத்தால் ஓட்டம் அந்த இடத்தோடு சரி. பந்தை யாருக்கு எறிவது, யாருடைய கையில் கொடுப்பது என்று தீர்மானிக்கிற பிள்ளைக்குப் பெயர் குவாட்டர்பேக்.

சீசன் தொடங்க முன் எல்லாப் பிள்ளைகளையும் எறிய விட்டு, ஓட விட்டுப் பார்ப்பார்கள். பிறகு ஒவ்வொரு கோச்சும் முறை வைத்து ஆள் எடுப்பார். அதற்கு டிராஃப்ட் என்று பெயர். அபி, அன்று நீ எறிந்த பந்து மைதானத்தின் பாதியைத் தாண்டியது. முதலாவதாக எடுக்கப்பட்ட பெயர் உன்னுடையது.

அப்பாவுக்குத் தலைகால் தெரியவில்லை.

அடுத்த நாளே வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலில், அன்னதான வரிசையில் நின்றபடி சிவா அண்ணையிடம் சொன்னேன். எனக்கு முன்னால் லண்டனுக்கு வந்தவர், ஊர்ச் சங்கத்துச் செயலாளர்.

"மகளை முதலாவதாய் எடுத்திட்டாங்கள் அண்ணை!"

"எதுக்கு? இங்கிலாந்து டீமுக்கோ?"

"இல்லை" என்று சொல்லியிருக்க வேண்டும். என் வாயில் என்ன வந்தது தெரியுமா?

"ஓம்... கிட்டத்தட்ட அந்த மாதிரித்தான்."

சாம்பார் வாளி எங்களிடம் வர முன்னமே செய்தி வரிசையின் கடைசிக்குப் போய்விட்டது.

முதல் ஆட்டத்துக்கு மூன்று வான் வண்டி வந்தது. முப்பது பேர். இரண்டு பெட்டி மட்டன் ரோல்ஸ். சிவா அண்ணையின் கையில் ஒரு பொன்னாடை! சங்கத்து விழாக்களில் டாக்டர்மாருக்கும் கவுன்சிலர்மாருக்கும் போர்த்துகிற அதே சரிகைப் பொன்னாடை. மற்றப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நிற்க, உன் ஜெர்சிக்கு மேல் அதைப் போர்த்தி, சின்னதாக ஒரு பேச்சும் பேசினார். கைதட்டினோம். ஃபோட்டோ எடுத்தோம். உன் முகத்தை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

ஆட்டம் தொடங்கியது. பந்து உன் கைக்கு வந்த நேரமெல்லாம் முப்பது தொண்டை.

"எறி பிள்ளை, எறி!"

"தூர எறி! யோசிக்காதை!"

அதில் பெரிய தொண்டை என்னுடையது.

நீ எறிந்தாய். எதிரணி பிடித்தது. திரும்ப எறிந்தாய்... திரும்பவும் அவர்கள்தான். அன்று தோல்வி. அடுத்த வாரமும். நான்காவது தோல்விக்குப் பிறகு கோயிலில் சிவா அண்ணை கேட்டார்:

"என்ன தம்பி, உம்மட மகள் எந்த டீமுக்கு விளையாடுறாள்? எறியிறதெல்லாம் மற்ற ஆக்களுக்கெல்லோ போகுது!"

எல்லோரும் சிரித்தார்கள். அதையும் அப்பா வீட்டில் வந்து சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

நீ சப்பாத்தைக் கழற்றிக் குப்பை வாளிக்குள் போட்டாய். "ஐ ஆம் டன், அப்பா. கடைசி மேட்சுக்கு நான் போகமாட்டன்."

அப்போதுதான் துளசி வாயைத் திறந்தாள். பதினொரு வயது. அமெரிக்க ஆட்டங்கள் ஒன்று விடாமல் பார்க்கிறவள்.

"அப்பா, அமெரிக்காவிலயும் இப்பிடித்தான். முதலாவதாய் எடுத்த எத்தனையோ குவாட்டர்பேக் சரிவராமப் போயிருக்கினம். ஏன் தெரியுமோ?"

"ஏன்? திறமை காணாதோ?"

"இல்லை. முதல் ஆளை எடுக்கிறது போன வருஷம் கடைசியாய் வந்த டீம். அப்ப நல்ல ஆள் எங்க போகும்? ஆகக் கூடாத டீமுக்கு. பந்தைப் பிடிக்க ஆளில்லை, காப்பாத்த ஆளில்லை. எல்லாரும் 'நீ வெண்டு தா' எண்டுதான் கத்துவினம். தோத்தால் அவரைத்தான் ஏசுவினம்."

தரைக்கு மாபிள் வெட்டி ஒட்டுகிற தொழில் எனக்கு. ஓ.எல். பரீட்சை வரைக்கும்தான் படிப்பு. ஆனால் இது விளங்கியது. சரிவராத தரையில் ஒட்டினால் எவ்வளவு நல்ல மாபிளும் வெடிக்கும். நாங்கள் மாபிளைத்தானே குறை சொல்கிறோம்?

வாளிக்குள் இருந்து சப்பாத்தை எடுத்துத் துடைத்துக்கொண்டு உன் அறைக்கு வந்தேன். நீ ஒரே ஒரு கண்டிஷன் போட்டாய்.

"நீங்களும் துளசியும் மட்டும் வாங்கோ. ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது. கத்தவும் கூடாது."

யாழ்ப்பாணத்து அப்பாவுக்கு இதைவிடப் பெரிய விரதம் உண்டா? வியாழக்கிழமை சிவா அண்ணை போன் எடுத்தார்.

"ஞாயிறு ஆட்டம் எங்க?"

"சொல்ல ஏலாது அண்ணை."

"என்ன தம்பி, ராணுவ ரகசியமோ?"

"ஓம்."

ஞாயிறு வந்தது. அன்று நீ வேறு பிள்ளை. தூர எறியவே இல்லை. பக்கத்தில் ஓடுகிறவளின் கையில் பந்தைக் கொடுத்தாய். கிட்டக் கிட்ட எறிந்தாய். நான் கம்பளிச் சால்வையைக் கடித்துக்கொண்டு நின்றேன். என் கை துளசியின் பிடிக்குள் இருந்தது — நகத் தடம் இன்னும் இருக்கிறது.

கடைசி நிமிடம். ஒரு புள்ளி பின்னால். நீ கையை ஓங்கினாய். தூர எறியப் போகிறாய் என்று எதிரணி முழுக்கப் பின்னால் ஓடியது. நானும் அப்படித்தான் நினைத்தேன். கத்தப் போனேன்... துளசி கிள்ளினாள்.

நீ எறியவில்லை. ஓங்கிய கையை இறக்கி, அருகில் நின்ற சோஃபிக்கு மெதுவாகத் தட்டிவிட்டாய். உங்கள் டீமிலேயே ஆகச் சின்னப் பிள்ளை. அவளை யார் கவனித்தார்கள்? பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, நாடா பறக்க, கடைசிக் கோட்டைத் தாண்டி ஓடினாள்!

வென்றுவிட்டீர்கள். சீசனின் ஒரே வெற்றி. பட்டியலில் கடைசி இடம்தான்... அதனால் என்ன? சோஃபியைத் தூக்கிக்கொண்டு நீங்கள் துள்ளிய துள்ளலைப் பார்த்தவர்கள் கோப்பை எடுத்தது நீங்கள்தான் என்று நினைத்திருப்பார்கள்.

நீ ஓடி வந்து சொன்னாய்:

"அப்பா, நாங்கள் கடைசி. அப்ப அடுத்த வருஷமும் முதல் ஆள் எங்கட டீமுக்குத்தான் வருவாள். அவளிட்ட நான் முதலே சொல்லுவன், 'பயப்பிடாதை, நாங்கள் இருக்கிறம்' எண்டு."

டிராஃப்டில் உன்னை முதலாவதாக எடுத்த நாளைவிட அந்த நிமிடம்தான் அப்பாவுக்குப் பெருமை.

பிறகு நீங்கள் எல்லோரும் சிக்கன் கடைக்குப் போனீர்கள். அதன் பின் நடந்தது உங்களுக்குத் தெரியாது.

சாமான்களைக் காரில் ஏற்ற நான் மட்டும் நின்றேன். பந்து புல்லில் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். இந்த வயதுக்கு அதை ஒரு தடவைகூட எறிந்ததில்லை. ஒரு மரத்தைக் குறி வைத்து எறிந்தேன். பந்து ஆடி ஆடிப் போய்ச் சேற்றில் விழுந்தது. ஓடிப்போய் எடுத்தேன். இன்னொரு தடவை... அதுவும் சேறு. ஒன்பதாவது தடவை மரத்தில் பட்டது.

சுற்றிப் பார்த்தேன். கைதட்ட ஒருவரும் இல்லை. பரவாயில்லை.