லிப்ட் அண்ணன் வாங்கிய வண்டி

எங்கள் கட்டடத்துக்கு நான்கு மாடி. லிப்ட் கிடையாது. நான்காம் மாடியில் குடியிருந்தவரோ லிப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள ஆஸ்பத்திரி, ஆபீஸ், ஓட்டல் என்று நாற்பது லிப்ட்டுகளை ஓடவைத்துவிட்டு, சாயங்காலம் டூல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அறுபத்தெட்டுப் படி ஏறி வீட்டுக்குப் போவார். வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பெண்டாட்டி சீக்கு என்று சும்மாவா சொன்னார்கள் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். எங்கள் எல்லோருக்கும் அவர் லிப்ட் அண்ணன். நான் அவர்களுக்கு நேர் கீழே மூன்றாம் மாடியில், வீட்டிலேயே தையல் மிஷின் போட்டுப் பிழைக்கிறவள்.

அவர் மனைவியை நான் அக்கா என்பேன். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அக்கா வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்க்கும் வேலையில் இருபத்தாறு வருஷம் இருந்தார். ஏறாத படி இல்லை, அவரைத் தெரியாத நாய் இல்லை. மீட்டர் ஓடுகிற வேகத்தை வைத்தே எந்த வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார்கள், எந்த வீட்டில் ஆள் குறைந்துவிட்டது என்று சொல்லிவிடுவார்.

பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துபோனபோது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அவர் கீழே இறங்கவில்லை. கைத்தடியை ஊன்றி அறைக்குள் நாலு எட்டு வைப்பார். பேச்சு மெல்லத் திரும்பியது, குரல் மட்டும் எழும்பவில்லை. வேலை நாட்களில் மத்தியானம் நான் போய் எட்டிப் பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் இருப்பார் என்பதால் போகமாட்டேன். அன்றைக்கு அவர் அக்காவுக்குத் தலைக்கு ஊற்றி, சிக்கெடுத்துப் பின்னிவிட்டு, ஜன்னலோரம் உட்காரவைத்துச் சீட்டு ஆடுவார். ஒரு கையால் சீட்டுகளைப் பிடிக்க முடியாதே என்று, மரக்கட்டையில் கோடு அறுத்து அவற்றைச் செருகி வைக்க ஒரு தாங்கி செய்து கொடுத்திருந்தார்.

தரைத் தளத்தில் ஒரு வீடு என்று அவர் அலையாத தெரு இல்லை. எல்லா இடத்திலும் அட்வான்ஸைக் கேட்டதும் திரும்பி வந்தார். ஒருநாள், கழற்றிய மோட்டார் ஒன்றைப் போடப் பழைய இரும்புக் கடைக்குப் போனவர், அங்கே அந்தக் கேரவனைப் பார்த்துவிட்டார். சாலை போடும் கம்பெனி ஒன்று வெளியூர் வேலைக்கு வைத்திருந்த வண்டி. உள்ளேயே இரண்டு படுக்கை, அடுப்பு மேடை, கழிவறை. பத்து வருஷம் வெயிலிலும் மழையிலும் நின்று டயர்கள் வெடித்து மண்ணில் இறங்கியிருந்தன. கடைக்காரர் இரும்பு விலைக்கே கொடுத்துவிட்டார். மூடிக்கிடந்த ஐஸ் பாக்டரி ஒன்றின் தெருவைப் பார்த்த முற்றத்தில் நிறுத்திக்கொள்ள வாட்ச்மேன் மூலமாக அனுமதியும் கிடைத்தது. எங்கள் தெருவிலிருந்து பத்து நிமிஷ நடை.

அவர் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னபோது நானும் இருந்தேன்.

“ஆறு மாசம் பொறுத்துக்கோ. படியே இல்லாத வீடு. கதவைத் திறந்தா தெரு.”

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “சரி” என்றார். அதைச் சம்மதம் என்று அவர் எடுத்துக்கொண்டார். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்கிற கதையாக, வண்டியை முற்றத்துக்கு இழுத்து வரவே வாங்கிய விலைக்கு மேல் ஆனது. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கூரையில் ஒழுகிய இடத்தைப் பார்க்கலாம் என்று உள்பக்கப் பலகையைப் பிரித்தார், கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. சுவருக்குள் இருந்த மரச்சட்டம் கால்வாசி உளுத்திருந்தது. விரலால் அழுத்தினால் ஊறிய ரொட்டி மாதிரி உள்ளே போனது. ஒயர்களை எலி தின்றிருந்தது. தரைத் தகடு துருப்பிடித்து, நின்ற இடத்திலிருந்து கீழே மண் தெரிந்தது. அன்று சாயங்காலம் படியில் என்னைப் பார்த்தவர் ஏறாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வண்டியை வெட்டி மறுபடி இரும்புக்கே போட்டுவிடலாமா என்று கேட்டார். மறுநாள் வேலை முடிந்ததும் மறுபடி முற்றத்துக்குத்தான் போனார்.

புதுச் சாமான் எதையும் அவரால் வாங்க முடியவில்லை. எங்கேயாவது பழைய லிப்ட்டைக் கழற்றிப் புதிது மாட்டினால், கழித்துப்போட்டதைக் கேட்டு வாங்கி வருவார். லிப்ட் கூண்டின் எவர்சில்வர் தகடு கேரவனின் சுவரானது. கைப்பிடிக் கம்பி படுக்கையைச் சுற்றி வந்தது. ரப்பர் விரிப்பு தரைக்குப் போனது. வெல்டிங் மெஷினை மட்டும் நாள் வாடகைக்கு எடுப்பார், அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அங்கேயே இருப்பார். நானோ பழைய வழக்கப்படியே அன்றைக்கு மேலே போகாமல் இருந்தேன். அக்காவின் தலைக்குளியல் வேலை நாள் காலைக்கு மாறி, அவசர அவசரமாக நடந்தது. சீட்டுக்கட்டை நான் பிறகு பார்க்கவில்லை.

தினமும் ராத்திரி எட்டு மணிக்கு வந்து அன்றைய வேலையை அக்காவிடம் சொல்வார். உளுத்த மரத்தைப் பற்றி மட்டும் சொல்லவே இல்லை. வண்டியின் தரை மண்ணிலிருந்து இரண்டரை அடி உயரம். படியே இல்லாத வீடு என்று சொல்லிவிட்டாரே, அதற்காக ஒரு ஓட்டல் சமையலறையில் தட்டு ஏற்றும் சின்ன லிப்ட்டின் மோட்டாரை வாங்கிவந்து, வாசலில் சக்கர நாற்காலியை ஏற்றி இறக்கும் மேடை ஒன்றைக் கட்டினார். இரண்டு பட்டன், பட்டனுக்குள் விளக்கு. அதைச் சொல்லும்போது அவர் முகம் மலர்ந்துவிடும். திரைத்துணிக்கு என்ன நிறம் என்று நான் அக்காவைக் கேட்டேன். உனக்குப் பிடித்ததைத் தைத்துவிடு என்றார்.

ஆறு மாசம் எட்டு மாசமானது. அந்த ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி இருக்கும், மேலே ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. நாற்காலியாக இருக்கும் என்று நினைத்தேன். நான் கேரவனுக்கான திரையைத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். மிஷினை நிறுத்தியபோதெல்லாம் டொக் டொக்கென்று மெலிதாக ஒரு சத்தம் வந்தது. யாரோ ஆணி அடிக்கிறார்கள் என்று நினைத்து மறுபடி மிதித்தேன். கொஞ்ச நேரத்தில் அது நின்றுவிட்டது.

வெல்டிங் கம்பி தீர்ந்துபோனதால் அண்ணன் அன்று மூன்று மணிக்கே வந்தார். தண்ணீர் எடுக்க எழுந்த அக்கா அடுப்பங்கரை வாசலில் விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, நாலு மணி நேரமாகத் தரையில் கிடந்தார். போன் மேசை மேல் இருந்தது. கையில் டம்ளர் இருந்தது. அதைக் கொண்டுதான் தரையைத் தட்டியிருக்கிறார்.

மூன்று வாரம் ஆஸ்பத்திரி. அறுவை சிகிச்சை முடிந்த உடம்பை மடக்கித் தூக்கி நான்கு மாடி ஏற்றக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அண்ணன் லீவு போட்டு இரவு பகலாக மீதி வேலையைப் பார்த்தார். எஞ்சின் ஓடவில்லை, கூரைக்கு இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை. ஆனாலும் அக்காவை ஆஸ்பத்திரியிலிருந்து நேராக முற்றத்துக்கே கூட்டி வந்தார். நான், வாட்ச்மேன், ஆம்புலன்ஸ் டிரைவர் மூன்று பேரும் நின்று பார்த்தோம். அக்கா இடது கையால் பட்டனை அழுத்தினார். மேடை ஒரு உதறல்கூட இல்லாமல் மேலே போய் வாசலோடு பொருந்தி நின்றது. வாட்ச்மேன் கை தட்டினார். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

நான் உள்ளே திரைகளை மாட்டிக்கொண்டிருந்தபோது அக்கா அண்ணனிடம் மெதுவாகக் கேட்டார்.

“வேணுமான்னு என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“உனக்காகத்தானே செஞ்சேன்.”

“தெரியும். எனக்குன்னு இருந்தது ஒரு ஞாயித்துக்கிழமைதான். அதையும் எடுத்து இந்த வண்டிக்குக் குடுத்துட்டீங்க.”

அண்ணன் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் வைத்தபடி எதிர்ப் படுக்கையில் உட்கார்ந்தார்.

இரண்டு நாள் கழித்து அக்காவைத் தனியாகப் பார்க்கப் போனேன். சத்தம் கேட்டும் வராமல் இருந்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். வாயைத் திறப்பதற்குள் அவரே பேச்சை எடுத்தார்.

“உன் மிஷின் ஓடிக்கிட்டு இருந்துச்சு. நீ நிறுத்துறப்பல்லாம் தட்டினேன்.”

“அக்கா, நான் யாரோ ஆணி அடிக்கிறாங்கன்னு...”

“நீ அப்படித்தான் நினைச்சிருப்பேன்னு எனக்கும் தோணுச்சு. அழாதே. அவர்கிட்ட சொல்லாதே, தாங்கமாட்டார்.”

ஒன்பது வாரம் அவர் அந்த வண்டியில் இருந்தார். அண்ணன் வேலையை அரை நாளாக்கிக்கொண்டு கூடவே இருந்தார், தலைக்கு ஊற்றினார், பின்னிவிட்டார். மழை வந்தபோது கால்மாட்டில் ஒழுகியது, வாளி வைத்தார்கள். அக்கா அவரிடம் தேவைக்கு மட்டும் பேசினார். வாசல் கதவு திறந்திருக்கும், போகிற வருகிறவர்கள் நின்று விசாரிப்பார்கள். பழைய தெருக்காரர்கள் சிலர் அவரை அடையாளம் கண்டுகொண்டு வந்தார்கள். ஒரு பெண்மணி, “எங்க வீட்ல நிறைய யூனிட் போட்டுட்டுப் போன ஆளுதானே நீங்க” என்று கேட்டார். அக்கா சிரித்ததை இரண்டு வருஷத்தில் அன்றுதான் பார்த்தேன்.

ஒன்பதாவது வாரம் சளி நெஞ்சில் கட்டியது. படுத்தே கிடந்த உடம்பு, இருமக்கூடத் தெம்பில்லை. அண்ணன் பட்டனை அழுத்தி மேடையை இறக்கியதும் ஆம்புலன்ஸில் ஏற்றினோம். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்கு முன்பே அக்கா போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்ததும் அண்ணன் வண்டியை விற்றுவிடுவார் என்று நினைத்தோம். அவர் மறுபடி முற்றத்துக்குப் போக ஆரம்பித்தார். கூரையைப் பிரித்துத் திரும்பப் போட்டு ஒழுகலை அடைத்தார். டீசல் பம்பை இறக்கிச் சரிபார்த்தார். பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தார். நாலு மாசம் கழித்து ஒரு காலையில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஊர் எல்லை வரைக்கும் ஓட்டிப் போய்த் திரும்பி வந்து, சாவியைக் கழற்றி வாட்ச்மேனிடம் கொடுத்து, யாராவது கேட்டால் சொல்லுங்கள் என்றார். ஊர் ஊராகப் போய்க் கண்ணாடி விற்கும் ஒரு தம்பதி வந்து வாங்கிக்கொண்டார்கள். அவர் பேரம் பேசவில்லை.

இப்போது அவர் நான்காம் மாடியிலேதான் இருக்கிறார். அடுத்த வருஷம் ஓய்வு. யாராவது லிப்ட்டில் மாட்டிக்கொண்டால் ஓடிப்போய்த் திறந்துவிடும் ஞாயிற்றுக்கிழமை டியூட்டிக்கு அவர்கள் கம்பெனியில் ஆள் கிடைப்பதில்லை. அதை அவராகவே கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார். எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் முதல் மணியிலேயே போனை எடுத்துவிடுகிறாராம்.